கடைச் சாப்பாடு

எங்கள் தோட்டத்தில் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தாம். ஒன்று, பெரிய சம்பளம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரையாவது அழைத்துப் போயிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒருவர் கடையில் சாப்பிட்டார் என்று தெரிந்தால், மறுநாள் காலைப் பெரட்டில் அதுதான் பேச்சு. "ஏன், வீட்டிலே அடுப்பு எரியலையா?" என்று கேட்டுவிடுவார்கள்.

வாசகர்களில் பலருக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்காது. கேரி தீவு, லங்காட் ஆறு சிலாங்கூர்க் கரையிலிருந்து பிரித்துப் போட்ட நிலம். தீவு என்று பேரே தவிர, பாலத்தின் மேல் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்துவிடலாம். கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயரைத் தாங்கிய இந்த மண்ணில் ஓரத்தில் கண்டல் காடு, கடல் உள்ளே ஏறாதிருக்கப் போட்ட மண்கரை, அதற்குள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. மரச்சிற்பத்துக்குப் பேர்போன மா மெரி மக்களும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் பிறந்தது இந்தத் தீவில். இன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான்.

அப்பா குலை வெட்டுபவர். அம்மா அவருக்குப் பின்னாலேயே உதிரிப் பழம் பொறுக்குவார். நான் சொல்லப்போவது 1988, 89 வாக்கில் நடந்தது. பெரிய சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு கிள்ளானுக்குப் போவோம். அப்பா, அம்மா, அக்கா, நான், மடியில் தங்கை. அப்பாவின் வெள்ளைச் சட்டையை முதல் நாள் இரவே அம்மா தேய்த்து வைத்துவிடுவார். பஸ் பாலத்தில் ஏறும்போது நாங்கள் மூவரும் சன்னல் பக்கம் சாய்ந்து தண்ணீரைப் பார்ப்போம். அப்பா பார்க்கமாட்டார். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார்.

தெங்கு கிளானா சாலையில் அப்போது இத்தனை பாத்திரக் கடையும் துணிக் கடையும் இல்லாவிட்டாலும் எங்களுக்கு அதுவே பெரிய பட்டணம். அதன் பக்கத்துச் சந்தில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. பெயர்ப் பலகை மழையில் கரைந்து போயிருந்தது. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அதை "செட்டியார் கடை" என்பார்கள். முதலாளி செட்டியாரும் அல்ல. நீண்ட மேசை, பளிங்குக்கல் பலகை, மேலே கரகரவென்று சுற்றும் விசிறி. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். அதைத் துடைத்துவிட்டு நாங்கள் கைகட்டிக் காத்திருப்போம்.

சோறு வந்துவிட்டால் அப்பா பேசமாட்டார். முட்டைக்கோசு, புடலங்காய், ஊறுகாய், அப்பளம். அதற்குப் பிறகு அப்பாவுக்கு மட்டும் ஒரு தட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டல். அதிலிருந்து எங்கள் இலைக்கு ஒவ்வொரு துண்டு வரும். மூன்று முறை சோறு வாங்குவார். நான்காம் முறை கையைக் காட்டினால், "அண்ணே, குலை வெட்டுறவங்களுக்கு இனிமே ரெண்டு சாப்பாட்டுக் காசுதான்" என்று முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார். ஆனாலும் போடுவார். அந்தக் காலத்தில் கிள்ளானில் கடை வைத்தவர்களுக்குத் தோட்டத்துப் பசி இன்னதென்று தெரியும்.

அம்மா எப்போதும் சுவரைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். தெரியாத ஆட்கள் முன்னே வாய் அசைப்பது அவருக்குப் பிடிக்காது. பாதிச் சோற்றை என் இலைக்குத் தள்ளிவிடுவார். "எனக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்காது" என்பார். வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒத்துக்கொள்ளாதது சாப்பாடா, விலையா என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

கடைசியில் ரசம். அதற்காகவே அப்பா கடைக்கு வந்தார் என்றுகூடச் சொல்லலாம். சோற்றில் ஊற்றமாட்டார். வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். பரிமாறுகிறவர் கரண்டியால் ஊற்ற ஊற்ற உறிஞ்சிக் குடிப்பார். மிளகுக் காரத்தில் கண்ணில் நீர் தளும்பும். "ஆ!" என்று ஒரு சத்தம். குலை வெட்டிக் காய்ப்பேறிய உள்ளங்கை. சூடு அவருக்குத் தெரியாது. நானும் ஒருமுறை அப்படிக் கையை நீட்டிச் சுட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்க வேண்டும். அதில் அப்பா கண்டிப்பு. "தம்பி, நம்ம பக்கமா மடிக்கணும். சாப்பாடு நல்லா இருந்துச்சு, மறுபடியும் வருவோம்னு அர்த்தம். அந்தப் பக்கமா மடிக்கிறது சாவு வீட்டுலதான்." அக்காள் ஒருமுறை மறதியாக வெளிப்பக்கம் மடித்துவிட, அப்பாவே எட்டி அதை விரித்துத் திருப்பி மடித்தார். இந்த விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சொல்ல மறந்துவிட்டேனே! நம் நாட்டுத் தமிழர்கள் காலை உணவைப் "பசியாறுவது" என்று சொல்கிறோம் அல்லவா, அதற்கு இப்போது உலக மதிப்பே கிடைத்துவிட்டது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குல மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரேயும் அதில் உண்டு. செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்தில் பசியாறுவதென்றால் அதிகாலை இருட்டில் அம்மா தட்டிய கனத்த ரொட்டியும் முதல் நாள் குழம்பும் அல்லவா! அதை மங்கில் போட்டுக்கொண்டு போய்ப் பத்து மணிக்குச் செம்பனை அடியில் உட்கார்ந்து தின்றதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்காகக் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். கடைச் சாப்பாட்டில் எனக்கு உலகம் திறந்தது அங்கேதான். சனிக்கிழமைகளில் மூத்த மாணவர்கள் பினாங்குக்கு அழைத்துப் போவார்கள். படகில் ஏறித் தீவுக்குப் போய் நாசி காண்டார் தின்றுவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுவோம்; பினாங்கில் வேறொன்றும் பார்த்ததில்லை. காண்டார் என்றால் தோளில் சுமக்கும் கம்பு. முன்காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றுக் கூடையும் மறு பக்கம் கறிப் பாத்திரமுமாகக் காவடிபோல் சுமந்து துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்ற சாப்பாடு அது. நான்கு வகைக் குழம்பையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சோறு மூழ்க ஊற்றுவார்கள். "குவா பஞ்சிர்" என்று பேர், குழம்பு வெள்ளம். முதல் தடவை அதைப் பார்த்து, "ஐயோ, எல்லாத்தையும் கலக்குறாரே" என்று நான் பதற, பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "வயித்துக்குள்ள போய் வேற வேற அறையிலயா தம்பி இருக்கப் போவுது?" என்றார். உண்மைதான். அதற்குப் பிறகு நான் எதையும் பிரித்துச் சாப்பிட்டதில்லை.

2002ஆம் ஆண்டு முதல் சம்பளம் வாங்கினேன். அப்பாவை எங்கே அழைத்துப் போவது? யோசித்து யோசித்து, எங்கள் தீவிலேயே நண்டு சாப்பிடுவதென்று முடிவு செய்தேன். வாரக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் பெரிய பெரிய கார்களில் குடும்பம் குடும்பமாக வந்து எங்கள் தீவில் கடலுணவு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்தக் கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே தவிர, ஒருநாளும் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தோம். இனிப்பும் காரமுமாகக் குழம்பில் கிடந்த நண்டுகள், துடைக்க ரொட்டி. அருமையாகத்தான் இருந்தது, குறை சொல்லக்கூடாது. ஆனால் அம்மா ஒரு காலை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தானடா சின்ன வயசுல நீ வாய்க்கால்ல சும்மா புடிச்சுக்கிட்டு வருவே?" என்றார். பணம் கொடுக்கும்போது அப்பா பில்லை வாங்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. அவர் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. வெளியே வந்ததும் சொன்னார்: "தம்பி, நாம நாலு பேரும் தின்னது எனக்கு ரெண்டு நாள் வெட்டு." கோபமில்லை. ஆச்சரியம்தான். அன்று முதல் எந்தச் சாப்பாட்டு விலையையும் அவர் வெள்ளியில் சொன்னதில்லை. "அரை நாள் வெட்டு", "ஒரு நாள் வெட்டு" என்றுதான்.

இனி ஏமாந்த கதைகள்.

பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே நான் போகத் தொடங்கிய காலத்தில் ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அன்றைய நம் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து அதை "லிட்டில் இந்தியா" என்று திறந்துவைத்தார்கள். வளைவுகள், வண்ணத் தூண்கள், ஊதா நிறக் கட்டடங்கள். இப்போதும் அங்கே நல்ல சாப்பாடு கிடைக்கிறது. நான் அகப்பட்டுக்கொண்டது வேறோர் இடத்தில். பாடக் கூட்டமொன்றுக்காகப் போயிருந்த நாளில் குளிர்சாதனக் கடை ஒன்றில் நண்பர்களோடு நுழைந்தேன். இலை வந்தது. பளபளவென்று ஒரே அளவில் வெட்டி வைத்தாற்போல் இருந்தது. நரம்பைத் தொட்டுப் பார்த்தேன். நரம்பே இல்லை, அச்சடித்த காகிதம்! வாழை இலைப் படத்தின்மேல் சோறு. குழம்பு ஊற்றியதும் காகிதம் ஊறி மேசையோடு ஒட்டிக்கொண்டது. அதையாவது பொறுக்கலாம். சாப்பிட்டு முடித்து வழக்கம்போல் என் பக்கமாக மடித்தேன். கையை எடுத்ததும் மெல்ல விரிந்துகொண்டது. மறுபடி மடித்தேன். மறுபடி விரிந்தது. எனக்கு எதிரே இருந்த நண்பர், "விடுங்க சார், அதுக்கே தெரியலை நல்லா இருந்துச்சா இல்லையான்னு" என்றார்.

தமிழ்நாட்டுப் பயணத்தில் நேர்ந்ததைச் சொன்னால் இன்னும் வேடிக்கை, வேதனையும்கூட. 2014இல் பள்ளி விடுமுறையில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அப்பா பிறந்தது இந்தத் தீவில்தான். ஆனால் வாழ்நாள் முழுதும் "ஊர்ச் சாப்பாடு, ஊர்ச் சாப்பாடு" என்று தம் பாட்டனார் சொன்ன கதையையே எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர். சேலம் பக்கத்துக் கிராமம். சென்னையிலிருந்து இரவுப் பேருந்து. நடு இரவைத் தாண்டி ஒரு மணிக்கு மேல், நெடுஞ்சாலையோரம் ஏதோ ஓர் உணவு விடுதியில் வண்டியை நிறுத்தினார்கள். சினிமாப் பாட்டு காதைப் பிளக்கிறது. எங்கள் தகப்பனார் தாயகத்து மண்ணில் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்த கடை அதுதான். விமானத்தில் கொடுத்ததை அவர் தொடவில்லை. சென்னையில் இறங்கியதும் பழம் மட்டும் தின்றார். "ஊர்ல போய்ச் சாப்பிட்டுக்கிறேன்" என்று வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

தோசை வந்தது. எப்போதோ சுட்டு அடுக்கிய தோசை. ஓரம் விறைத்துப் போயிருந்தது. சட்டினி புளித்த வாடை. விலையோ நகரத்து விலை. "தம்பி, சூடா ஒண்ணு..." என்று அப்பா கேட்டார். "பஸ் கெளம்பப் போவுது, இருக்கறதச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் பையன். ஓட்டுநரும் நடத்துநரும் உள்ளே தனி அறையில் முட்டை ஆவி பறக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். வண்டி ஏன் அங்கே நின்றது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அப்பா அந்தத் தோசையை முழுக்கத் தின்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "வச்சுடுங்கப்பா" என்றேன். "இருக்கட்டும் தம்பி, ஊருல சாப்பிடுற முதல் சாப்பாடு, மீதி வைக்கக்கூடாது" என்றார். வண்டியில் ஏறிய பிறகு வெகுநேரம் தூங்காமல் இருளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நல்லவேளை, திரும்பும் வழியில் அந்தக் குறை தீர்ந்தது. மயிலாப்பூரில் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்து பழைய மெஸ் ஒன்றில் நுழைந்தோம். அங்கேயும் முதலில் பேச்சுக் குழப்பம்தான். அப்பா "தம்பி, பசியாற என்னா இருக்கு?" என்றார். பையன் விழித்தான். "ஒரு கோப்பி ஓ, சீனி கம்மியா" என்றார். பையன் என்னைப் பார்த்தான். "பால் இல்லாத காப்பி, சர்க்கரை குறைத்து" என்று நான் மொழிபெயர்த்தேன், தமிழிலிருந்து தமிழுக்கு! பையனுக்கு முகம் மலர்ந்தது. "மலேசியாவா சார்?" என்று கேட்டுவிட்டு, எங்கள் மேசையை விட்டு நகரவேயில்லை. இட்லி வந்தது; நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி வந்தது. அம்மா, சொன்னால் நம்பமாட்டீர்கள், தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார். "இங்க யாருக்கு நம்மளத் தெரியும்" என்றார். அம்மா ஒரு கடையில் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மதியம் வேறொரு கடைப் பலகையில் "அளவுச் சாப்பாடு" என்று எழுதியிருந்ததைக் கண்டு அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். சோற்றுக்கு அளவா? "நம்ம ஊர்லயே இல்லாத பழக்கமா இருக்கே!" என்றார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது கிள்ளானை. பயணம் புறப்பட்டதிலிருந்து அப்படி அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அம்மா 2018இல் காலமானார்.

அதற்குப் பிறகு அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். எங்களோடு வந்து இருக்கச் சம்மதிக்க ஈராண்டு ஆயிற்று. இனிப்புநீர் அவருக்கு முன்னரே இருந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை? மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "சீனி கம்மியா" என்று தே குடித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதென்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். 2021இல் கால் வீங்கிற்று. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்றார்கள். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கிள்ளானில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் கையில் இரண்டு ஊசி. சனிக்கிழமைகளில் நான் அழைத்துப் போவேன், மற்ற நாட்களில் அக்காள் மகன்.

உணவியல் அதிகாரி ஒரு தாள் கொடுத்தார். அதைப் படித்தபோது, நம் இலையில் உள்ளதையெல்லாம் பார்த்து எழுதினாற்போல் இருந்தது. கீரை ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, தக்காளி, வாழைப்பழம், இளநீர் ஆகாது. இவற்றில் பொட்டாசியம் என்ற சத்து மிகுதி. கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் கூடிவிட்டால் இதயம் நின்றுபோகும். புளிச்சக்காய்க் குடும்பத்து விளிம்பிப் பழம், நட்சத்திரமாய் அரிகிறோமே, அது விஷமேதான். காய்கறியைச் சிறிதாக அரிந்து வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பு குறைய வேண்டும், ஏனென்றால் உப்பு தாகத்தைக் கிளப்பும். தண்ணீருக்கு அளவுண்டு. இரண்டு சுத்திகரிப்புக்கிடையே எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று அவருக்குச் சொன்னார்கள். தே, கஞ்சி, குழம்பு எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும்.

நான் வாத்தியார் அல்லவா? தாளைப் பெரிதாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஆகாதவற்றைச் சிவப்பு மையால் அடித்தேன். என் மனைவி பொறுமையாகக் காய்களை வேகவைத்துக் கொட்டினாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பும் புளியுமில்லாத அந்தச் சாப்பாட்டை அவர் தின்னும் அழகைப் பார்த்தால், நெடுஞ்சாலைத் தோசையைத் தின்றது எனக்கு நினைவு வரும்.

2023இல் ஒரு சனிக்கிழமை. சுத்திகரிப்பு முடிந்து வெளியே வந்ததும், "தம்பி, செட்டியார் கடை இன்னும் இருக்கா?" என்றார். கடை எப்போதோ மூடியாகிவிட்டது. அதே சாலையில் வேறொரு வாழை இலைக் கடைக்கு அழைத்துப் போனேன். மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் போனேன். வெள்ளைச் சோறு, கோசு, ஒரு துண்டு மீன். குழம்பு இரண்டு கரண்டிக்கு மேல் கூடாது. அப்பா உட்கார்ந்தார். இலையைத் துடைத்தார். பல நாள் கழித்து முகத்தில் ஒரு களை. மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தூக்குவாளியோடு போன பையனைப் பார்த்து வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

பையன் கரண்டியை எடுத்தான். "தம்பி, அவருக்கு ஊத்தாதீங்க!" என்று நான் கத்திவிட்டேன். வகுப்பறைக் குரல். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "புளி, தக்காளி, தண்ணி, உப்பு, எல்லாம் அதுலதான் இருக்கு. அவரு டயாலிசிஸ் பேஷண்டு."

பையன் திகைத்து நின்றான். அப்பாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மெல்ல அதை இழுத்துக்கொண்டார். இலையில் பாதிச் சோறு கிடந்தது. அதை அப்படியே வைத்து, இலையின் மேல் பாதியை விட்டுவிட்டு, கீழ்ப்பாதியைத் தூக்கி வெளிப்பக்கமாக மடித்தார்.

எனக்குக் கால் நடுங்கியது. அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். காரில் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பாலம் வந்தது. எந்நாளும் ஆற்றைப் பார்க்காதவர் அன்று அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். நான் சொன்னது தப்பா? இல்லை. தாளில் உள்ளதைத்தானே சொன்னேன்! ஆனாலும் பத்துப் பேருக்கு நடுவே கை நீட்டிய தகப்பனை அப்படி மறித்த மகனை எந்தத் தாளைக் காட்டி நியாயப்படுத்துவது? இரவு முழுதும் இதுதான்.

அடுத்த சனிக்கிழமை அப்பா இயந்திரத்தில் இருக்கும்போது மிஸ்ஸியிடம் தனியாகக் கேட்டேன். மலாய்க்காரப் பெண்மணி, நல்ல அனுபவசாலி. சிரித்தார். "சிக்கு, நீங்கள் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் உங்கள் அப்பாவைத் திருத்துகிறீர்கள்" என்றார். அப்பாவின் கடைசி ரத்தப் பரிசோதனையை எடுத்துக் காட்டினார்; அளவுகள் கட்டுக்குள் இருந்தன. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வந்தார். தினமும் கூடாது, ஒரு கிண்ணம் கூடாது. வாரத்தில் ஒருநாள் இரண்டு மூன்று மேசைக்கரண்டி என்றால் பாதகமில்லை. அதற்குப் பதிலாக அன்று மாலைத் தே கிடையாது. அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்தால் நிறுத்திவிட வேண்டும். இது எங்கள் அப்பாவுக்கு, அவருடைய ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் வீட்டு நோயாளிக்கு ரசம் ஊற்றிவிட வேண்டாம், முதலில் கேளுங்கள்.

அன்றே கேட்கத் துணிவில்லை. இரண்டு சனிக்கிழமை கழித்து, "அப்பா, பசியாறிட்டுப் போகலாமா?" என்றேன். மணி மதியம் ஒன்று. "இந்நேரத்துக்கு என்னடா பசியாறுறது?" என்றார். அதே கடைக்குத்தான் போனேன். அந்தப் பையன் இருந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவைப் பார்த்ததும் தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்! அவனைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன கரண்டியைக் கொடுத்தேன். "இதால மூணு கரண்டி. ஐயா கையில."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அவர் இடக்கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வலக்கையைக் குழித்து நீட்டினார். காய்ப்பெல்லாம் உதிர்ந்து மெல்லிசாகிப்போன கை. இப்போது சூடு தெரிகிறது போலும். முதல் கரண்டிக்கு விரல்கள் துள்ளின. பையன் ஊதி ஊதி ஊற்றினான். இரண்டு. மூன்று. அப்பா உறிஞ்சிவிட்டு வெகுநேரம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"மிளகே போடலை. தண்ணியா இருக்குடா." இலையைத் தம் பக்கமாக மடித்து அதன்மேல் கையை வைத்து அழுத்தினார். "இந்த ரசத்துக்கா நாம அன்னிக்கு அப்படிச் சண்டை போட்டோம்?"